குரங்கணி மலையில் ஒரு ரயில் பெட்டி

1. ஜாதகம் இல்லாத மூன்று பெட்டிகள்

போடிநாயக்கனூர் ஸ்டேஷனில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஃபோர்மேன் ஞானமுத்து என் கையில் ஒரு சுத்தியலையும் ஒரு சுரண்டியையும் கொடுத்தார்.

"மூணு பொட்டி நிக்கிது. மூணுக்கும் ஜாதகம் இல்ல. எழுதிக் கொண்டா ராசாங்கம்" என்றார்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் இரும்பு வேண்டுமென்று பிடுங்கிக்கொண்டு போன மதுரை - போடி தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, ரயில் மறுபடி ஓட ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை. லைன் புதிது. ஆனால் அதில் ஓட வந்த பெட்டிகள் எங்கெங்கோ கிடந்ததைப் பொறுக்கி எடுத்து அனுப்பியவை. மூன்றும் மரப்பெட்டிகள்.

ஜாதகம் என்று நாங்கள் சொன்னது ஹிஸ்டரி ஷீட்டை. ஒரு பெட்டியை யார் கட்டினார்கள், எந்த அண்டர்ஃபிரேம் மேல் உட்கார்ந்திருக்கிறது, எப்போது அடிபட்டது, என்ன ரிப்பேர் பார்த்தார்கள் என்றெல்லாம் எழுதி வைக்கும் தாள். அண்டர்ஃபிரேம் என்பது பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிற இரும்புச் சட்டம். பெட்டியின் பாரமும் ஏறுகிற ஜனங்களின் பாரமும் அதன் மேல்தான். லைனைப் பிடுங்கியபோது பழைய ரிஜிஸ்டர்களும் எங்கேயோ போய்விட்டன.

"அடுத்த மாசம் ஆபீசர் இன்ஸ்பெக்ஷன். தாள் இல்லாத பொட்டியக் கண்டம்னு எழுதிட்டுப் போயிருவாரு. அப்புறம் எந்தப் பொட்டிய வச்சு நாம ரயில் விடுறது?" என்றார் ஞானமுத்து.

கண்டம் என்று எழுதிவிட்டால் உடைத்து விறகாக்கிவிடுவார்கள். ஒரு பெட்டி போனாலும் போடி ஜனங்களில் பாதிப்பேர் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அப்பா தேனிப் பக்கம் நெல்லும் கரும்பும் போட்டவர். எங்கள் குடும்பத்தில் வயலை விட்டு ரயில்வேக்கு வந்த முதல் ஆள் நான். பழைய காகிதம் இல்லாமல் ஒரு வண்டியின் வரலாற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

2. பெயின்ட்டுக்கு அடியில்

என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் சுப்பையா அண்ணன் குரங்கணிக்காரர். காலையில் மதுரையிலிருந்து வண்டி வரும். மத்தியானம் திரும்பப் போகும். நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் எங்கள் ஆராய்ச்சி. இரண்டு பெட்டிகளில் கட்டிய கம்பெனியின் பித்தளைத் தகடு இருந்தது. வேலை சுலபமாக முடிந்தது. மூன்றாவது பெட்டிதான் மண்டையைக் குடைந்தது. பெட்டி நம்பர்கள் நீளமானவை. நாங்கள் கடைசி இரண்டு இலக்கத்தைத்தான் சொல்வோம். அது நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்றில் தகடு இல்லை. தகடு இருந்த இடத்தில் நான்கு திருகுத் துளைகள் மட்டும் இருந்தன. சரி, பெயின்ட்டைச் சுரண்டிப் பார்ப்போம் என்று கதவோரத் தூணில் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினேன். மேலே செங்காவி. அதற்கடியில் சாம்பல் நிறம். அதற்கும் அடியில் கரும்பச்சை. ஒவ்வொன்றும் ஒரு காலம். எல்லாவற்றுக்கும் அடியில், வார்னிஷ் மங்காத தேக்கு. அதன் மேல் நூல் இழை போலத் தங்க நிறத்தில் ஒரு கோடு. சுரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். மேற்கொண்டு சுரண்டக் கை வரவில்லை.

உள்ளே பலகைச் சுவரில், ஆள் படுக்கிற அளவு இடைவெளி விட்டு, அடைத்த துளைகள் வரிசையாக இருந்தன. சுப்பையா அண்ணன் பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இது ஸ்ட்ரெச்சர் மாட்டுன எடம்யா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. சண்டையில அடிபட்டவுகளக் கொண்டாந்திருக்காக."

அந்தப் பெஞ்சில்தான் தினமும் ஜனங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு ஆண்டிபட்டிக்கும் உசிலம்பட்டிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தோம். தச்சுவேலை அப்படி இருந்தது. பொருத்துகளில் ஆணியே இல்லை. ஒரு போஸ்ட் கார்டின் ஓரத்தைச் செருகிப் பார்த்தேன், போகவில்லை. பலகையின் மறைவான நுனியில் உளியால் 41 என்று செதுக்கியிருந்தது. இன்னொரு பலகையைக் கழற்றினோம். அதிலும் 41. யாரும் எந்தக் காலத்திலும் பார்க்கப் போகாத இடத்தில், பெயர் தெரியாத ஒரு தச்சர் ஒவ்வொரு துண்டிலும் நம்பர் போட்டிருக்கிறார்.

பெட்டியின் நம்பர் உறுதியாகிவிட்டது. அண்டர்ஃபிரேமின் நம்பர் மட்டும் கிடைக்கவில்லை. வழக்கமாக நம்பர் அடிக்கிற இடத்தில் ஒன்றுமில்லை. மற்ற இடமெல்லாம் விரல் கனத்துக்குத் தார்.

"பொட்டி நாப்பத்தொண்ணுன்னா அண்டர்ஃபிரேமும் நாப்பத்தொண்ணுதான். எழுதிட்டு அடுத்த சோலியப் பாரு" என்றார் ஞானமுத்து. ஓடத் தகுதி என்ற ஃபிட் சர்டிபிகேட்டில் அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

எனக்கு எழுத மனம் வரவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

சுப்பையா அண்ணன்தான் சொன்னார். "எங்க ஊருக்கு மேல எஸ்டேட்ல இதே மாதிரி ஒரு பொட்டி நிக்கிது தம்பி. லைனப் பிடுங்குனப்ப வாங்கிட்டுப் போனாக. ஏலக்கா ஸ்டோரு வச்சிருக்காக. இதுவும் அதுவும் அண்ணன் தம்பியாட்டம் இருக்கும்."

அதில் தகடு இருந்தால் கட்டிய கம்பெனி தெரிந்துவிடும் என்று கிளம்பினேன்.

3. வாத்தும் அருவாளும்

எஸ்டேட்டுக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போன ஜீப்பில் காலையில் குரங்கணி போய்ச் சேர்ந்தேன். அதற்கு மேல் நடை. ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் காப்பிச் செடி, ஒரு பக்கம் ஓடை. இரண்டு இடத்தில் கையை ஊன்றி ஏற வேண்டியிருந்தது. மூச்சு வாங்க ஒரு திருப்பத்தில் நிமிர்ந்தேன்.

மரங்களுக்கு நடுவில் ரயில் பெட்டி நின்றது.

சக்கரம் இல்லை, தண்டவாளம் இல்லை. கருங்கல் அடுக்கின் மேல், ஜன்னல்களும் மர ஷட்டர்களுமாக, கதவுப் பிடிகள் முதற்கொண்டு முழுப் பெட்டி. மேகம் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினேன். ஏன் கழற்றினேன் என்று இன்றும் தெரியவில்லை. உள்ளே ஏலக்காய் வாசம் ஆளைத் தூக்கியது. ரயில் பெஞ்சுகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, பெண்கள் கடைசிப் பறிப்புக் காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கு மேஸ்திரி பேச்சியம்மா. நாற்பது வயதிருக்கும். முறத்தைக் கீழே வைக்காமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டிக்கெட்டுக் கேக்க வந்தீகளா தம்பி?" என்றார். பெஞ்சில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள்.

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். இவ்வளவு பெரிய பெட்டியை இந்தப் பாதையில் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டேன்.

"தலைச்சுமைதான். வேற எப்பிடி? போடியில பலகை பலகையாப் பிரிச்சு, குரங்கணி வரைக்கும் மாட்டு வண்டி. அதுக்கு மேல நாங்கதான். இந்தக் கதவ நானும் எங்க மதினியும் தூக்கியாந்தோம். கூரைக் கட்டைக்கு எட்டுப் பேரு."

"மேல வந்ததும் எது எங்கன்னு எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க? பிரிச்ச தச்சரு எழுதி வச்சிருந்தாரா?"

"அந்தாளு பிரிச்ச மறுநாளே காய்ச்சல்ல படுத்துட்டாரு. நான் கூடவே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்ல. ஒவ்வொரு பலகைக்கும் சுண்ணாம்புல புள்ளி வச்சேன். எந்தப் புள்ளிக்குப் பக்கத்துல எந்தப் புள்ளின்னு மனசுல இருந்துச்சு. அப்பிடியே சொல்லச் சொல்ல மாட்டுனாக. ஒரு துண்டு மிச்சம் விழுகல."

அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. நான் பட்டறையில் ஐந்து வருடம் பயிற்சி பெற்றவன். வரைபடம் இல்லாமல் ஒரு பெட்டியைப் பிரித்துக் கோக்க என்னால் முடியாது. எங்கள் ஃபோர்மேனாலும் முடியாது. நான் எழுந்து நின்று சுவரையும் கூரையையும் தடவிப் பார்த்தேன். பொருத்துகளில் விரல் நகம் நுழையவில்லை.

"எல்லாப் பலகையிலயும் ஒரு வாத்தும் ஒரு அருவாளும் இருக்கும். இங்கன பாருங்க" என்று தரையோரம் ஒரு துண்டை நெம்பிக் காட்டினார் பேச்சியம்மா.

உளியால் செதுக்கிய எழுத்து. 27. இரண்டு என்பது அவருக்கு வாத்து, ஏழு அருவாள்.

தகடு இல்லை. ஆனால் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் மரம் வேறாக இருந்தது. கதவுக்கு இடப்புறத் தூண் தேக்கு இல்லை. ஒட்டுப் போட்டிருந்தது.

"இது நீங்க மாத்துனதா அக்கா?"

"இல்ல தம்பி. வரும்போதே அப்பிடித்தான். இந்த மூலை எங்கிட்டோ பலமா மோதியிருக்கு. உள்பலகையெல்லாம் சிலும்பு சிலும்பா இருந்துச்சு. அடியில இரும்பும் நசுங்கி இருந்துச்சு. அதுல தகடு வச்சு அடிச்சு, தாரப் பூசியிருந்தாக."

மோதலில் அடிபட்ட பெட்டி, அதனால்தான் விற்றிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். நசுங்கிய அண்டர்ஃபிரேமை உருக்கப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டே, "அந்த இரும்புச் சட்டத்த எங்க கொண்டுபோனாங்க?" என்று கேட்டேன்.

"அத எங்கயும் கொண்டுபோகல. ஸ்டேஷன்ல ரெண்டு பொட்டி நின்னுச்சு. மத்தப் பொட்டியோட இரும்பு நல்ல இரும்பு. அதச் சண்டைக்கு வேணும்னு தனியாக் கொண்டுக்கிட்டுப் போயிட்டாக. அந்த மரப் பொட்டியத் தூக்கி, எங்க பொட்டி உக்காந்திருந்த இரும்பு மேல வச்சாக. நான் கண்ணால பாத்தேன்."

என் பென்சில் நின்றுவிட்டது.

"அக்கா, அந்த மத்தப் பொட்டியில என்ன குறி இருந்துச்சு?"

அவர் காற்றில் விரலால் கோடு போட்டுப் பார்த்தார். "கால் ஒடிஞ்ச நாக்காலியும் ஒரு கம்பும்."

நான்கு. ஒன்று. நசுங்கிய அந்த இரும்பின் மேல்தான் எங்கள் நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க பொட்டி இரும்புலயும் வாத்து அருவாள் இருந்துச்சா?"

"இருந்துச்சே. படிக்குப் பின்னால, உள்ள ஒளிஞ்சாப்புல."

அன்று சித்திரைத் திருவிழாக் கூட்டம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மலையிலிருந்தும் போடியிலிருந்தும் ஜனங்கள் மத்தியான வண்டிக்குத்தான் போவார்கள். அவர்கள் ஏறப் போகிற பெட்டிகளில் ஒன்று நாற்பத்தொன்று.

பேச்சியம்மாவிடம் விவரம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "எங்க மதினி பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அந்த வண்டிக்குத்தான் போயிருக்கா. வெரசாப் போங்க தம்பி! ஓடையோரமாப் போங்க, அது குறுக்குப் பாதை" என்று கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்து வழி காட்டினார்.

4. அரை மணி நேரம்

ஜீப் குரங்கணியில் திரும்பிப் போக ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. பாதி லோடோடு அதைக் கிளப்ப வைத்தேன். போடி ஸ்டேஷனில் இறங்கியபோது வண்டி கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. நாற்பத்தொன்றில் மூச்சு விட இடமில்லை. படியிலும் ஆட்கள். ஞானமுத்துவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஏலக்கா பிரிக்கிற பொம்பள சொன்னான்னு, நெறஞ்ச பொட்டியக் கழட்டச் சொல்றியா ராசாங்கம்? நான் ஃபிட்டுன்னு கையெழுத்துப் போட்ட பொட்டி அது."

"கழட்ட வேண்டாம் சார். பத்து நிமிஷம் குடுங்க. ஒரு எடத்தச் சுரண்டிப் பாத்துக்கிறோம். ஒண்ணும் இல்லைன்னா எனக்கு மெமோ குடுங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து வழிவிட்டார். நானும் சுப்பையா அண்ணனும் வண்டிக்கடியில் நுழைந்தோம்.

படிக்கட்டின் பின்னால், பேச்சியம்மா சொன்ன அதே இடத்தில் தாரைச் சுரண்டினேன். முதலில் வளைவாக ஒரு கோடு. பிறகு அதன் கழுத்து. வாத்து. அதன் பக்கத்தில் அருவாள்.

அங்கிருந்து தவழ்ந்து இடப்புற மூலைக்குப் போனோம். சுப்பையா அண்ணன் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு மணி போலக் கேட்கும். கணீர், கணீர் என்று வந்த சத்தம், மூலைக்கு ஒரு முழம் முன்னால் பானையைத் தட்டியதுபோல அடைத்துப்போனது. சுரண்டினோம். தார், அதற்கடியில் ஓட்டை அடைக்கிற மக்கு, அதற்கடியில் ஒட்டுத் தகடு. தகட்டின் அடியிலிருந்து ஒரு விரிசல் வெளியே வந்து சட்டத்தின் பாதி உயரத்துக்கு ஓடியிருந்தது.

மேலே ஜனங்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். அந்த விரிசல் மெல்ல வாயைத் திறந்து மூடியது.

என் வாழ்க்கையில் எத்தனையோ உடைசல்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இத்தனை நாள் இதன் மேல்தான் அத்தனை பேரும் பாலங்களைத் தாண்டிப் போய் வந்தார்கள்.

ஞானமுத்து வெள்ளை பேன்ட்டோடு தரையில் மண்டியிட்டு உள்ளே வந்தார். கட்டை விரல் நகத்தை விரிசலில் வைத்தார். நகம் உள்ளே போனது. எடுக்கும்போது லேசாகக் கடித்தது. அவர் வெளியே போய், படியில் ஏறி நின்று சத்தம் போட்டார்.

"எல்லாரும் எறங்குங்க! இந்தப் பொட்டி போகாது!"

ஒரே கூச்சல். "அழகர் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாராய்யா?" என்று ஒரு பெரிய மீசைக்காரர் சண்டைக்கு வந்தார். ஞானமுத்து அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்தார்.

"குனிஞ்சு பாருங்கண்ணே. நீங்க பாத்துட்டு, போகலாம்னா போங்க."

மீசைக்காரர் குனிந்தார். மேலே யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். விரிசல் அசைந்தது. அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"அடேய், எறங்குங்கடா! பிள்ளைகள மொதல்ல எறக்குங்க!" என்று எங்களைவிடப் பலமாகக் கத்தினார்.

பெட்டி காலியாக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்து சைடிங் லைனில் நின்ற இரண்டு திறந்த சரக்கு வேகன்களைக் கழுவி, நாற்பத்தொன்றுக்குப் பதிலாக மாட்டினோம். வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது. ஆனாலும் அவர்கள் அழகரைப் பார்த்துவிட்டார்கள். பேச்சியம்மாவின் மதினி திரும்பி வந்து எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் மலையேறினார்.

5. ஆதாரம் என்ற கட்டம்

மறுநாள் ஞானமுத்து ரிப்போர்ட் எழுதினார். என்னிடம் படிக்கக் கொடுத்தார். "சரியாகப் பார்க்காமல் தகுதி என்று கையெழுத்திட்டது நான்" என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார். வேறு மாதிரி எழுதினாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

"சார், இந்த வரி வேணுமா?" என்றேன்.

"நீ ஒரு கட்டத்தக் காலியா விட்டீல்ல. நானும் அப்பிடி விட்டிருக்கணும். விடல. அத எழுதாம வேற எத எழுத?"

அந்த வரியால் அவருடைய புரமோஷன் தள்ளிப்போனது.

ஆபீசர் வந்து பார்த்தார். தேக்குப் பெட்டியைக் கண்டம் பண்ணவில்லை. பட்டறைக்கு அனுப்பி, சோதித்த வேறொரு அண்டர்ஃபிரேமில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு நானே பல வருடம் அதில் பயணம் செய்தேன்.

புது ஹிஸ்டரி ஷீட்டை நான் எழுதினேன். அதில் ஆதாரம் என்று ஒரு கட்டம் உண்டு. எந்த ரிஜிஸ்டர், எத்தனையாவது பக்கம் என்று அதில் குறிக்க வேண்டும். அண்டர்ஃபிரேம் மாறிய விவரத்துக்கு நேராக, "பேச்சியம்மா, ஏலக்காய் ஸ்டோர் மேஸ்திரி, குரங்கணி" என்று எழுதினேன். பத்து நாளில் மேலாபீசிலிருந்து தாள் திரும்பி வந்தது. பெயரைச் சிவப்பு மையால் அடித்து, "இது ஆவணம் அல்ல. தகுந்த ஆதாரம் காட்டவும்" என்று குறித்திருந்தார்கள்.

தாளை ஞானமுத்துவிடம் கொண்டுபோனேன். மேஜையில் விரித்து வைத்துச் சிவப்பு எழுத்தைப் படித்தார். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஜீப்பு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் மலையேறினோம். அந்தத் திருப்பத்தில் அவரும் நின்றார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். பெட்டியை முழுதும் சுற்றி வந்தார். ஒவ்வொரு பொருத்தாகக் கை வைத்துப் பார்த்தார். உள்ளே போய், பேச்சியம்மாவுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் முதலிலிருந்து கேட்டார். கடைசியில் தாளை நீட்டினார்.

"இதுல ஒங்க குறியப் போடுங்கம்மா. நீங்கதான் சாட்சி."

"எனக்கு எழுதத் தெரியாதே ஐயா."

"பொட்டியில போட்டிருக்கிற குறியப் போடுங்க. அது எங்களுக்குப் புரியும்."

பேச்சியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஞானமுத்துவின் பேனாவை வாங்கி, ஒரு வாத்தும் ஒரு அருவாளும் போட்டார். அதன் கீழே ஞானமுத்து எழுதினார்: "கண்ணால் பார்த்தவர். நேரில் விசாரித்தேன். இரும்பில் சரிபார்த்தேன். இதைவிட நல்ல ஆதாரம் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை."

அந்தத் தாள் மறுபடி திரும்பி வரவில்லை.

இப்போது ரயில் டிப்போக்களில் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். தாளில் உள்ளதைப் படியுங்கள். பிறகு வண்டிக்கடியில் படுத்துப் பாருங்கள். இரண்டிலும் கிடைக்காததை யாரோ ஒருவர் பார்த்திருப்பார். அவரைத் தேடிப் போங்கள். அவரைக் கண்டுபிடிக்கும்வரை, தெரியாத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.